கல்லணைக்கு எத்தனை நட்சத்திரம்?

கரிசல் காட்டுக்காரர்களுக்கு ஆடியும் ஆவணியும் கொஞ்சம் மூச்சுவிடும் காலம். கோடை உழவு முடிந்திருக்கும். பருத்தியையும் மக்காச்சோளத்தையும் புரட்டாசி மழையைப் பார்த்துத்தான் விதைக்க வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரியும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், 2025 ஆவணியில் கிடைத்த அந்த இடைவெளியில் இரண்டு நாள் வெளியூர் போய்வர முடிவு செய்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் கோயில், விசேஷ வீடு, ஆஸ்பத்திரி தவிர அவர்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை.

எங்கே போவது என்பதைத் தீர்மானித்தவர் வீட்டுப் பெரியவர். வயது 76. காவிரிக்கும் அவருக்கும் உள்ள உறவு வானொலி வழியானது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்வதை ஐம்பது வருடமாகக் கேட்டு வருகிறார். அதில் ஒரு சொட்டும் அவர் காட்டுக்கு வராது. ஆனாலும் மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவர் முகமே தெளிவாக இருக்கும். ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது. இன்னொரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. "கண்ணு தெரியும்போதே ஓடுற காவேரிய ஒருக்கப் பாத்துரணும்" என்று அவர் சொன்னதை மகன் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டார். மருமகள் மனதில் வைத்துக்கொண்டார்.

திட்டம் போடும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. கணவர் பகலெல்லாம் வாடகை டிராக்டரில் உழவு ஓட்டப் போய்விடுவார். வீட்டிலிருப்பது ஒரே ஒரு நல்ல போன். அதுவும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கைக்கு வரும். மாட்டுக்குத் தீவனம் வைத்து, மூன்றாவது படிக்கும் பையனைத் தூங்கவைத்து, எட்டாவது படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்ப்பார். ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் மகள் வாசிப்பாள். பிறகுதான் தெரிந்தது, கூகுள் மேப்பில் கருத்துகளைத் தமிழில் மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது என்று. மொழிபெயர்ப்பு சில இடங்களில் சிரிப்பு மூட்டினாலும் விஷயம் புரிந்துவிடும்.

திருச்சி என்று போட்டதும் போன் ஒரு பட்டியலைக் கொட்டியது. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், முக்கொம்பு, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கல்லணை. ஒவ்வொன்றுக்கும் கீழே நட்சத்திரங்கள், ஆயிரக்கணக்கில் கருத்துகள். முதல் மூன்று இரவும் அதிலேயே போயிற்று. வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒருவர் அருமை என்கிறார், அடுத்தவர் வீண் அலைச்சல் என்கிறார். விதைக் கடையில் பத்துப் பேர் பத்து ரகத்தைச் சொன்னால் தலை சுற்றுமே, அந்தக் கதைதான்.

மலைக்கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் உச்சியிலிருந்து தெரியும் காட்சியைப் புகழ்ந்திருந்தார்கள். உச்சிப் பிள்ளையாரிடம் போக 400-க்கு மேல் படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காதவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. ஏறியவர் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்; ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டவர் ஒன்றும் எழுதுவதில்லை. ரொம்பச் சந்தோஷப்பட்டவரும் ரொம்பக் கோபப்பட்டவரும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறது.

நான்காம் நாள் இரவு மகள் ஒரு யோசனை சொன்னாள். கருத்துகளுக்குள்ளேயே ஒரு சொல்லைப் போட்டுத் தேட முடியும். 'படி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடினார்கள். 'கழிப்பறை', 'நிழல்', 'தாத்தா', 'பஸ்' என்றும் தேடினார்கள். ஆயிரம் கருத்தில் முப்பது மட்டும் நின்றது. அந்த முப்பதும் வேண்டியவை. நடக்க முடியாத அம்மாவைக் கூட்டிப் போன ஒருவர், கைக்குழந்தையோடு போன ஒருவர், பஸ்ஸில் போன ஒருவர். தன்னைப்போல் சுமையோடு போனவர் சொல்வதுதான் தனக்கு உதவும். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைவிட இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் விவரமாக எழுதியிருப்பதையும் கவனித்தார். எங்கே வண்டி நிற்கும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை மணிக்கு வெயில் ஏறும் என்பதெல்லாம் அவற்றில்தான் இருந்தது. போனவர்கள் எடுத்த படங்களில் தரை, படி, கைப்பிடி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

மாதத்தைப் பார், வருடத்தையும் பார்

கல்லணைக்கு வந்தபோதுதான் பெரிய குழப்பம். வெறும் பாலம், வெறும் மணல், வெயில், பார்க்க ஒன்றுமில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் இருந்தார்கள். கடல் மாதிரித் தண்ணீர், கண் கொள்ளவில்லை என்று ஐந்து போட்டவர்களும் இருந்தார்கள். ஒரே இடத்தைப் பற்றித்தான் இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்களா என்றே சந்தேகம் வந்தது.

கட்டிலில் படுத்திருந்த பெரியவர்தான் முடிச்சை அவிழ்த்தார். "எந்த மாசம் போனான்னு பாரு தாயி" என்றார்.

பார்த்தால், கருத்துக்குப் பக்கத்தில் இத்தனை மாதத்துக்கு முன், இத்தனை வருடத்துக்கு முன் என்று இருக்கிறது. மணல் என்று எழுதியவர்கள் பலர் மார்ச்சிலும் ஏப்ரலிலும் போனவர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். பங்குனி, சித்திரையில் கல்லணைக்குப் போய்த் தண்ணீரைக் காணோம் என்று கோபப்படுவது, தை அறுப்பு முடிந்தபின் வயலுக்குப் போய்க் கதிரைக் காணோம் என்பதுபோல.

ஆனால் மாதம் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. ஜூன் கடைசியில் போன ஒருவர் தண்ணீர் என்கிறார். இன்னொருவர் அதே ஜூன் கடைசியில் காய்ந்து கிடந்தது என்கிறார். இரண்டுமே உண்மைதான், வருடம்தான் வேறு. 2022-ல் மேட்டூரை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2023-ல் ஜூன் 12. 2024-ல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போயிற்று. 2025-ல் மறுபடி ஜூன் 12. கல்லணை ஜூன் 15. தேதிகளையெல்லாம் வானொலி கேட்டுக் கேட்டு மனதில் வைத்திருந்தவர் பெரியவர். போனில் இருந்த ஆயிரம் கருத்தையும் அவர் சொன்ன நான்கு தேதியையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று மருமகளுக்கு விளங்கியது. மழைக்கணக்கு பார்க்காமல் மகசூல் கணக்கு மட்டும் பார்த்தால் ஒரு நிலத்தை எடைபோட முடியுமா என்ன?

பழைய கருத்துகளால் இன்னொரு தொல்லையும் உண்டு. மதுரையிலிருந்து வரும் பஸ் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நிற்கும், அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் பக்கம்தான் என்று பலர் எழுதியிருந்தார்கள். 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்துவிட்டது. மதுரைப் பக்கத்து பஸ்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போன காலத்தில் அது சரி. கருத்துகளைப் 'புதியவை முதலில்' என்று மாற்றி வைத்தபிறகு பஞ்சப்பூர் கண்ணில் பட்டது. முதலில் வந்து நிற்பதைப் படித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் பெரியவரையும் பைகளையும் வைத்துக்கொண்டு நடுவழியில் விசாரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அட்வான்ஸ் கேட்ட குரல்

இரவு தங்க ஓர் அறை வேண்டும். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு. கீழ்த்தளம், அல்லது லிஃப்ட் இருக்கும் இடம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நட்சத்திரம் நிறைய இருந்த விடுதிகளில் பாதி கழிந்துவிட்டது. திரையில் முதலில் காட்டும் தொகை ஒன்று. கடைசிப் பக்கத்தில் வரியும் கூடுதல் ஆளுக்கான கட்டணமும் சேர்ந்து வரும் தொகை இன்னொன்று. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, பணம் கட்டாமல் வெளியே வருவது ஒரு வாரத்தில் கைவந்த கலையாகிவிட்டது.

ஒரு விடுதிக்கு மேப்பில் ஐந்துக்கு நாலரை. படங்களும் பளிச்சென்று இருந்தன. கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசியபோது எதிர்முனைக் குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. ஒரே ஒரு அறைதான் மிச்சம், பத்து நிமிடத்தில் பாதிப் பணம் அனுப்பினால் நிறுத்தி வைக்கிறேன், க்யூஆர் கோடு வாட்ஸ்அப்பில் வருகிறது என்றது. கணவர் போனை வாங்கிப் பணம் போடப் போனார். மருமகள் தடுத்தார். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. "உங்க லாட்ஜுக்கு எதுத்தாப்புல என்ன கடை இருக்கு?" என்று கேட்டார். எதிர்முனை கொஞ்சம் தடுமாறியது. "பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வந்தா எந்தப் பக்கம் திரும்பணும்?" இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த விடுதி உண்மையிலேயே இருக்கலாம், எண்தான் அதனுடையதல்ல. மேப்பில் இருக்கும் தொடர்பு எண்ணை மாற்றச் சொல்லி வெளியாட்களும் பரிந்துரைக்க முடியும் என்பதை மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். விடுதியின் சொந்த இணையதளம், விடுதிப் படத்தில் தெரியும் பெயர்ப் பலகை, மேப் ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருந்தால்தான் நம்பலாம். பணம் திருப்பி அனுப்புகிறேன், யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது பறிப்பதற்கான வழி. பணம் பெறுவதற்குப் பின் எண் எப்போதும் தேவைப்படாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

நட்சத்திரங்களே விலைக்குக் கிடைப்பதும் உலகம் அறிந்ததுதான். 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று டிரிப் அட்வைசரில் பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் பொய்க் கருத்துகள் எழுதவைத்தார். ஒரு நாள்கூட அடுப்பு எரியாத அந்தக் கடை லண்டனின் முதலிடத்துக்குப் போய்விட்டது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுதவைத்ததை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆனால் விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. ஆகவே சந்தேகப்படும் வேலை இன்னும் படிப்பவரிடமே இருக்கிறது. ஒரே வாரத்தில் இருபது பேர் ஒரே மாதிரிச் சொற்களில் புகழ்ந்திருந்தால், அந்த இருபது பேரும் வேறெந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், மருமகள் அந்த விடுதியைத் தாண்டிப் போய்விடுவார்.

கடைசியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதி அமைந்தது. நட்சத்திரம் குறைவு. சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதாகப் பலர் குறை சொல்லியிருந்தார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் அறை உண்டு, தண்ணீர் தடையில்லாமல் வரும் என்று குறை சொன்னவர்களே எழுதியிருந்தார்கள். குறை சொல்பவர் வாயிலிருந்து வரும் நல்ல சொல்லுக்கு மதிப்பு அதிகம். போன் எடுத்தவர் எதிரே இருந்த டீக்கடையையும் மருந்துக் கடையையும் சொன்னார். முன்பணம் வேண்டாம், வந்து ஆதாரைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள் என்றார்.

மாடு யாரிடம்?

எந்தப் பயண இணையதளத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மாடு மருமகளைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மதினி ஒத்துக்கொண்டார். ஆனால் பத்து நாளுக்கு முன்பிருந்தே பழக்க வேண்டியதாயிற்று. முதல் மூன்று நாள் மதினி பக்கத்தில் நின்று தீவனம் மட்டும் வைத்தார். பிறகு இரண்டு காம்பு மட்டும். பிறகு மருமகளின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு முழுக் கறவை. எட்டாம் நாள் மாடு திரும்பிப் பார்த்ததே தவிர உதைக்கவில்லை. சங்கத்தில் பால் ஊற்றும் அட்டை, தீவன அளவு, கால்நடை மருத்துவரின் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒட்டியாயிற்று. ஐந்து பேர் இரண்டு நாள் வெளியே போக ஆறாவது ஆளின் உழைப்பு இவ்வளவு வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, கறந்து வைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை மாட்டுத்தாவணி. அங்கிருந்து திருச்சி பஞ்சப்பூர். சத்திரத்துக்கு நகரப் பேருந்து. பத்தரை மணிக்கு விடுதி. பெரியவர் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தார். வெயில் தாழக் கிளம்பலாம் என்பது முன்கூட்டியே போட்ட திட்டம். கல்லணையில் எந்தக் கிழமை எந்த மணிக்குக் கூட்டம் கூடும் என்று மேப்பில் ஒரு வரைபடம் காட்டும். ஞாயிறு மாலைக் கோடுகள் உயரமாக நின்றன. அதனால்தான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கல்லணைக்குச் சத்திரத்திலிருந்து பஸ் உண்டு. காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவானைக்காவல், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று போகும் சாலை அது. வலது கைப்பக்கம் காவிரி, இடது கைப்பக்கம் கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே வாழைத் தோட்டங்கள். பாலத்தில் பஸ் ஏறியபோதே காவிரி கரை தொட்டு ஓடியது. பையன் கத்தினான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மங்காத கண்ணை அந்தப் பக்கமே வைத்திருந்தார். வாழை வந்ததும்தான் வாய் திறந்தார். குலை தள்ளிய மரங்களுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்து, இத்தனை கம்புக்கு எங்கே போகிறார்கள், என்ன விலையாகும் என்று மகனிடம் கணக்குக் கேட்டார்.

பெரிய கலுங்கு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது சத்தம். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் விழுந்து நுரைத்துப் புரளும் சத்தம். கல்லணையின் பாலத்தில் நடந்தால் நான்கு வழிகளையும் பார்க்கலாம். வடக்கே கொள்ளிடம், அடுத்துக் காவிரி, அதற்கடுத்து வெண்ணாறு, தெற்கே கல்லணைக் கால்வாய். அன்றைக்கு நான்கிலும் தண்ணீர்.

இரண்டாயிரம் வருடத்துப் பழமை கொண்டது, கரிகால் சோழன் கட்டியது என்பது பள்ளிப் பாடம். பெரியவருக்கு அந்தக் கதையைவிட அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆர்வம். நல்ல வேளையாக, மதகுப் பக்கம் பணியில் இருந்த ஒரு லஸ்கர் அவர் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார். மேலே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொள்ளிடம், இன்னொன்று காவிரி. ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிக்கொண்டு இரண்டும் இந்த இடத்தில் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தடுக்காமல் விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த இறக்கத்தை மறித்துப் போட்ட கல்தான் கல்லணை. சாதாரணத் தண்ணீரைக் காவிரியிலேயே நிறுத்தும். வெள்ளம் வந்தால் மிஞ்சியது கல்லின் மேலேறிக் கொள்ளிடத்தில் விழுந்து போய்விடும்.

"அப்ப இது கலுங்குதானய்யா" என்றார் பெரியவர். "நம்ம கண்மாய்க் கலுங்கு. கொஞ்சம் பெருசு." லஸ்கர் சிரித்தார். மறுக்கவில்லை.

அந்தப் பழைய அணை 1,080 அடி நீளம், வளைந்து வளைந்து போகும். மதகுகளும் ஷட்டர்களும் பிரிட்டிஷ் காலத்தில் சேர்ந்தவை. ஆற்று மணலில் கடைக்கால் எடுக்க முடியாது. தோண்டத் தோண்ட மணல் சரியும். பெரிய பெரிய பாறைகளை மணல்மேல் போட்டால், தண்ணீர் அடியில் அரிக்க அரிக்கப் பாறை தானாகவே உள்ளே இறங்கி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் அடுத்த பாறை, நடுவே களிமண். ஆற்றின் அரிப்பையே கொத்தனாராக வைத்துக்கொண்ட வேலை. ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைப் பார்த்துத்தான் மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கற்றார். 1836-ல் முக்கொம்பில் மேலணையும், பின்னர் கோதாவரியில் தவுலேஸ்வரம் அணையும் கட்டினார். அவருக்கும் இங்கே சிலை இருக்கிறது. பக்கத்து மணிமண்டபத்தில் யானைமேல் கரிகாலன். பிள்ளைகள் இரண்டும் அங்கே ஓடிவிட்டன.

பெரியவர் கல்லணைக் கால்வாயின் பக்கம்தான் ரொம்ப நேரம் நின்றார். அது 1934-ல் வந்தது. மேட்டூர் அணை வந்த அதே வருடம். அதுவரை காவிரி பாயாத பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களுக்கும் புதுக்கோட்டை மாவட்டக் கடைமடைக்கும் அது தண்ணீர் கொண்டு போகிறது. புதிதாக வெட்டியதால் புது ஆறு என்றும் பெயர். மேட்டு நிலத்துக்குக்கூட வெட்டிக் கொண்டுபோயிருக்கிறான் பார், என்று அவர் மகனிடம் சொன்னது கரூர் மாயனூரை மனதில் வைத்துத்தான். மாயனூர்க் கதவணையிலிருந்து வைகை வழியாகக் குண்டாறு வரை 262 கி.மீ. கால்வாய் வெட்டிக் காவிரியின் வெள்ள நீரைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கடைசிப் பகுதி விருதுநகர் மாவட்டத்துக்குள் வருகிறது. அந்தச் செய்தியையும் அவர் வானொலியில்தான் கேட்டார். கொள்ளிடத்தில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை அவர் திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

மகன் வந்து தோளைத் தொட்டார். "போதுமாப்பா, கால் வலிக்கலயா?"

"வலிக்குது. இரு."

இறங்கிக் குளிக்க வேண்டும் என்று பையன் அடம் பிடித்தான். ஷட்டருக்குப் பக்கத்தில் சுழல் இருக்கும். அங்கே இறங்கக் கூடாது என்று எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களையும் அந்தத் தண்ணீர் விடாது. மருமகள் அதற்கும் முன்பே தயாராக இருந்தார். மீன் வறுவல் கடைக்குக் கூட்டிப்போய் வாயை அடைத்தார். ஒரு குடத்தில் கொஞ்சம் காவிரி கொண்டுபோக வேண்டும் என்று பெரியவர் கேட்டதற்குத்தான் எந்தத் திட்டமும் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, படியில் பத்திரமாக நின்று மகன் மொண்டு கொடுத்தார்.

மறுநாள் காலை வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. பையனுக்குக் கொடுத்த வாக்கு அது. மதியம் பஞ்சப்பூர், இரவு எட்டரைக்கு வீடு. மாடு முதல் நாள் சாயங்காலம் பாதிப் பாலைத்தான் கொடுத்ததாம், மறுநாள் காலையில் சரியாகிவிட்டதாம். மதினிக்குத் திருச்சியில் வாங்கிய சேலை.

திங்கள்கிழமை இரவு ஒன்பதரைக்குப் போன் மறுபடி மருமகள் கைக்கு வந்தது. அந்த முப்பது பேர் எழுதியிருக்காவிட்டால் தடுமாறியிருப்போமே என்று நினைத்து, மகளிடம் சொல்லித் தமிழில் எழுதவைத்தார். ஆவணியில் போனோம், நான்கு ஆற்றிலும் தண்ணீர். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பஞ்சப்பூரில் இறங்கிச் சத்திரம் போகவும். பஸ் இறங்கிய இடத்திலிருந்து பாலம்வரை சமதரை, முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக நடக்கலாம். சிறு பிள்ளைகளின் கையை விட வேண்டாம். பாலத்தில் நிழல் இல்லை, மூன்றரை மணிக்கு மேல் போவது நல்லது.

"எத்தனை ஸ்டார் தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "ஜனவரி 28-க்கு மேல தண்ணி இருக்காது, அப்பப் போகாதீகன்னு எழுதுனியா?" என்றார். எழுதவில்லை. அதையும் சேர்த்தார்கள்.